கடைசி மூன்று அத்தியாயங்கள்

என் சொந்த வீட்டுக்குள் போக என் மனைவியின் போனிடம் அனுமதி கேட்டார்கள். பெருங்களத்தூரில் எங்கள் அடுக்ககத்தின் வாசலில் இரண்டு பெட்டிகளோடு மழையில் நின்றிருந்தேன். வாட்ச்மேன் புதியவர், கையில் ஒரு டேப்லெட். "எந்த ஃப்ளாட் சார்? யாரப் பாக்கணும்?" என்றார். நான்தான் வீட்டுக்காரன் என்றேன். "அல்லாரும் அப்டித்தான் சார் சொல்றாங்கோ. மேடம் போனுக்கு மெசேஜ் போயிகீது. அவங்க ஓகே குடுத்தாதான் கேட்டு தொறப்பேன். நானா தொறந்தா என் வேலை பூடும்." மேடம், அதாவது என் மனைவி ரெஹானா, அந்த நேரம் பல்லாவரத்தில் ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தாள். போன் பைக்குள் இருந்தது. நாற்பது நிமிடம் நின்றேன். அந்த ஆப்பில் விருந்தாளி, டெலிவரி, வேலையாள் என்று மூன்றே வகைதானாம். நாலாவதாக ஒன்று இல்லாததால் என்னை விருந்தாளியில் போட்டார். போட்ட பிறகு குடை ஒன்று கொடுத்தார், நல்ல மனிதர்.

நான் ஜெர்மனியில் ஒரு சிறு ஊரில், கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். போய் மூன்று வருடமாகிறது. அதற்கு முன் இதே வேலையைப் படப்பை தாண்டி ஒரு கம்பெனியில் பார்த்தேன். தினமும் பஸ்ஸில் இடிபட்டுக்கொண்டு, இந்த ஊரை விட்டுத் தொலைந்தால் போதும் என்று முணுமுணுத்தபடி போய் வந்தவன். வாய்ச்சொல் பலித்துவிட்டது. குடும்ப விசா இதோ வருகிறது, அதோ வருகிறது என்றார்கள். முதல் வருடம் ரெஹானா ஜெர்மன் வகுப்புக்குப் போனாள். இரண்டாம் வருடம் அந்தப் புத்தகங்களை அலமாரிக்கு மேலே ஏற்றினாள். இந்த வருடம் அந்தப் பேச்சே இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். வெளியூரில் இருக்கும் உங்களில் பலருக்கும் இந்த மௌனம் பழக்கமாக இருக்கும்.

எங்கள் மகள் சஃபாவுக்கு ஒன்பது வயது. இங்கிலீஷ் மீடியம். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், அரைப் பக்கத்துக்குள் கொட்டாவி வந்துவிடும். அதனால் தினமும் இரவு எட்டரைக்கு, அவள் படுக்கப் போகும் நேரத்தில், வீடியோ காலில் நான் அவளுக்குக் கதை படிப்பேன். பாதி நேரம் "கேக்குதா?", "கேக்குதா அத்தா?" என்பதிலேயே போய்விடும். மீதி நேரத்தில் மூன்று வருடத்தில் மூன்று புத்தகம் முடித்தோம். நாலாவது புத்தகம், போன முறை வந்தபோது தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் பழைய புத்தகக் கடையில் வாங்கியது. மீன் மார்க்கெட்டில் திருட்டுத் துப்பு துலக்கும் ஒரு காக்கா இன்ஸ்பெக்டரின் கதை. காக்காவுக்கு நானே மெட்ராஸ் பாஷை போட்டுக்கொடுத்தேன். "இன்னாபா, காலங்காத்தால பேஜார் பண்ணிகினு கீறீங்கோ?" என்று நான் கத்தினால் அங்கே தலையணையில் ஒரு சிரிப்பு வெடிக்கும். அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் அந்த ஊரில் ஒவ்வொரு நாளையும் ஓட்டினேன்.

இலை உதிர்ந்து முடியும் காலத்தில் அந்த நாட்டுக்காரர்கள் ஒரு காரியம் செய்வார்கள். வின்டர்சைட் என்று பேர். அக்டோபரின் கடைசி ஞாயிறு எல்லோருமாகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள். போன் தானே மாறிக்கொள்ளும். அடுப்பில் இருக்கும் கடிகாரத்தை மாற்றுவது எப்படி என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அவர்களுக்கு அது ஒரு மணி நேரத் தூக்கம். எனக்கு அது சஃபா. நான் வேலை முடிந்து வீட்டுக்கு வரும் மாலை ஐந்து மணி அதுவரை அவளுக்கு எட்டரையாக இருந்தது, மறுநாளிலிருந்து ஒன்பதரை ஆகிவிடும். அவள் தூங்கியிருப்பாள். மார்ச் வரைக்கும் சனி ஞாயிறு மட்டும்தான் கிடைக்கும்.

போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு அம்மாள் என் பார்சல் ஒன்றைக் கொடுக்க வந்தார். கதவு திறந்திருந்தது. போனில் படம் உறைந்துபோய், சஃபா கண்ணை மூடியபடி நின்றிருக்கிறாள். அது தெரியாமல் நான் காக்கா குரலில் கத்திக்கொண்டிருக்கிறேன். யாருக்குப் படிக்கிறாய் என்று கேட்டார். என் மகளுக்கு என்றேன். எங்கே இருக்கிறாள் என்றார். என்னிடம் இருந்த ஜெர்மனில், ரொம்ப தூரத்தில், இங்கே வர முடியாது என்றேன். அவர் போனையே பார்த்தார், என் கையைப் பிடித்துக்கொண்டார், பிறகு போய்விட்டார். மறுநாள் வாசலில் சிவப்புக் கண்ணாடிக் குவளைக்குள் ஒரு மெழுகுவர்த்தி. பாசக்கார அம்மாள் என்று நினைத்து, ஒரு வாரம் அதை ஏற்றி வைத்து அதன் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். டீ குடிக்க வந்த ஒரு சக ஊழியன்தான் அதைப் பார்த்துவிட்டு, உன் வீட்டில் யார் இறந்தது என்று தாழ்ந்த குரலில் கேட்டான். அது கல்லறையில் வைக்கும் விளக்காம். நவம்பரில் செத்தவர்களுக்காக ஏற்றுவார்களாம். நான் சிரித்தேன், அவன் சிரிக்கவில்லை. அந்த அம்மாளிடம் போய்த் திருத்திச் சொல்லவும் எனக்குத் துணிச்சல் வரவில்லை.

வார நாட்களுக்கு வழி சொன்னவள் ரெஹானா. "ரெக்கார்ட் பண்ணி அனுப்பிடுங்க. படுக்கும்போது கேட்டுக்குவா." தொழிற்சாலையில் உடை மாற்றும் அறையில், இரும்பு அலமாரிகளுக்கு நடுவில் நின்று, டீ இடைவேளையில் படித்துப் பதிவு செய்தேன். வீடியோ காலைவிட அது நன்றாக வேலை செய்தது. உறையாது, அறுந்துபோகாது. கோடையில் பழைய எட்டரை மணி திரும்பி வந்தபோதும் சஃபா, ரெக்கார்டிங்கே போதும் அத்தா என்றாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் கடைசி மூன்று அத்தியாயங்களை மட்டும் நான் அனுப்பவில்லை. இந்த நவம்பரில் லீவு போட்டு வந்து, அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, நடுவில் எந்தக் கருவியும் இல்லாமல் படித்து முடிக்க வேண்டும் என்று வைத்திருந்தேன். அது நடந்துவிட்டால் நான் இன்னும் இந்த வீட்டு ஆள்தான் என்று எனக்கு நானே ஒரு கணக்குப் போட்டிருந்தேன். மூன்று வாரம் லீவு.

முதல் வாரம் அவளைப் பிடிக்கவே முடியவில்லை. பள்ளி, டியூஷன், அரபிப் பாடம், வந்தால் வீட்டுப்பாடம். வைஃபை நின்று நின்று வந்தது. அதைச் சரிசெய்ய உட்கார்ந்தால் பாஸ்வேர்ட் எனக்குத் தெரியாது. சஃபாதான் வந்து, நான் பார்க்காதபடி போனைத் திருப்பிக்கொண்டு, அடித்துக் கொடுத்தாள். எட்டாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. அனகாபுத்தூர் பக்கம் தெருக்களில் தண்ணீர் ஏறிவிட்டது என்று டிவியில் காட்டினார்கள். பள்ளிகளுக்கு விடுமுறை. சஃபா துள்ளினாள். அவளைவிட நான் அதிகம் துள்ளினேன்.

சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தோம். அவள் தலை என் தோளில் இருந்தது. தேங்காய் எண்ணெய் வாசம். அத்தியாயத்தைத் தொடங்கினேன். இரண்டாவது பக்கத்தில் அவள் நெளிந்தாள். மூன்றாவது பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அத்தா, ஏன் இவ்ளோ மெதுவா படிக்கறீங்க?"

"எப்பவும் போலத்தாம்மா படிக்கறேன்."

"இல்லியே. போன்ல வேகமா படிப்பீங்களே. காக்கா சூப்பரா கத்துமே. இது வேற யாரோ படிக்கற மாதிரி இருக்கு."

சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த ரெஹானா தலையை நீட்டினாள். "அவ எல்லாத்தையும் ஒன்றரை ஸ்பீடுல வெச்சுத்தாங்க கேப்பா. நார்மல்ல வெச்சா போர் அடிக்குதாம். உங்ககிட்ட சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு சொல்லல."

சரி, அவ்வளவுதானே என்று வேகமாகப் படித்துப் பார்த்தேன். நாக்கு குழறியது. காக்கா இன்ஸ்பெக்டர் பாதி வசனத்தில் மூச்சு வாங்கினார். சஃபா சிரிக்கவில்லை. பாவம், எனக்காகக் கொஞ்சம் சிரித்துப் பார்த்தாள். அது சிரிக்காமல் இருந்ததைவிட மோசமாக இருந்தது. பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்து, ரொம்பப் பெரிய மனுஷி மாதிரி சொன்னாள்: "அத்தா, நீங்க அந்த ரூமுக்குப் போய் ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்களேன். நான் கேட்டுக்கறேன். அப்புறமா நாம ஒண்ணா டிவி பாக்கலாம்."

கோபம் வந்தது என்று எழுதினால் பொய். அழுகைதான் வந்தது. ரெஹானாவைப் பார்த்தேன். அவள் வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "போங்களேன், கொழந்ததானே" என்றாள். போனேன். கட்டிலின் மேல் என் பெட்டி இன்னும் பாதி திறந்துதான் கிடந்தது. அதை நகர்த்திவிட்டு உட்கார்ந்து, கதவைச் சாத்தி, மூன்று அத்தியாயத்தையும் ஒரே மூச்சில் படித்தேன். ஒரு குறையும் வைக்கவில்லை. காக்காவுக்குத் தொண்டை கிழியக் கத்தினேன். அனுப்பியதும் போன் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. எனக்கும் அவளுக்கும் நடுவில் இருந்தது ஒரு சுவர்தான், அதைத் தாண்டிப் போக அதற்கு நாலு நிமிடம் ஆயிற்று.

அப்புறம் ஹாலில் என் குரல் கேட்டது. என்னுடையதைவிட மெலிந்த, சுறுசுறுப்பான, களைப்பே தெரியாத ஒருவனின் குரல். அவன் எங்கேயும் தடுமாறவில்லை. காக்கா கத்தியதும் சஃபா வீடே அதிரச் சிரித்தாள். கூடவே ரெஹானாவும் சிரித்தாள். அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்து நான் கேட்டு மூன்று வருடம் ஆகிறது. எழுந்துபோய்க் கதவின் கைப்பிடியைப் பிடித்தேன். திறந்தால் சஃபா மரியாதைக்கு அதை நிறுத்திவிடுவாள். கைப்பிடியை விட்டுவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து, அவர்களோடு குடியிருக்கும் அந்த மனிதன் படித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.