தடை சொன்ன ரூபி அக்கா

தாம்பரத்தில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் அந்தச் செய்தியை எனக்குக் கொண்டுவருபவர் ரூபி அக்காதான். போன வியாழக்கிழமை காலையில் நம் சர்ச் உபதேசியார் சைக்கிளை விட்டு இறங்காமலே எங்கள் கேட்டுக்கு வெளியே நின்று, "ரூபியம்மா தவறிட்டாங்கம்மா, சாயந்தரம் அடக்கம்" என்றார். இதை ஏன் ரூபி அக்கா வந்து சொல்லவில்லை என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் அழுகை வந்தது.

நம் சபையில் யார் விஷயத்தில் அவர் மூக்கை நுழைக்கவில்லை, சொல்லுங்கள். இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் ஒரு காலத்தில் அவரோடு பேசாமல் இருந்தவர்கள்தானே? கிணற்றை இங்கே வெட்டாதே, அங்கே வெட்டு என்று பக்கத்து வீட்டுக்காரருக்கு யோசனை சொன்னார். அங்கே வெட்டினார்கள், உப்புத் தண்ணீர் வந்தது. அந்தக் குடும்பம் சிட்லபாக்கத்துக்கு வீடு மாறிப் போகும்வரை அவர் முகத்தில் விழிக்கவில்லை. அவருக்கு அதனால் ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை. "பாத்துட்டேனே, இனிமே பாக்காத மாதிரி எப்படி இருக்கறது?" என்பார். அவ்வளவுதான் அவருடைய நியாயம்.

அறுபதுகளில் நாங்கள் இருவரும் பாரிமுனையில் வேறு வேறு ஆபீசில் வேலை பார்த்தோம். காலையில் தாம்பரத்தில் ஒரே ரயில், ஒரே பெண்கள் பெட்டி. மார்கழியில் ஏரிகளின் மேல் பனி படுத்திருக்கும். பல்லாவரத்து மலை தண்ணீரில் மிதப்பதுபோலத் தெரியும். பாதித் தூக்கத்தில் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு போன அந்தக் காலைகள் எனக்கு நடந்தவையா, கனவில் கண்டவையா என்றே இப்போது தெரியவில்லை. ஆனால் ரூபி அக்கா தூங்கமாட்டார். ஒருநாள் தூக்குச்சட்டியும் கையுமாக ஒரு பெண் எங்கள் எதிரில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். கணவனைக் காசநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம், எந்த வார்டு என்றே தெரியாதாம். சானடோரியம் ஸ்டேஷன் வந்ததும் அவளோடு இவரும் இறங்கிவிட்டார். ஆபீசுக்கு லீவு சொல்லச் சொல்லி என்னிடம் ஜாடை காட்டினார். ரயில் நகர்ந்தபோது பனிக்குள் இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொண்டே நடந்து போனார்கள்.

இனி என் கதைக்கு வருகிறேன். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை செங்கல்பட்டில் கணக்கு வாத்தியார். பெண் பார்க்க வந்த அன்று அவருடைய அம்மா மகனைப் பற்றி அளந்துவிட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை கூச்சத்தில் நெளிந்து, யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்து, என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த நிமிஷமே எனக்குப் பிடித்துவிட்டது. அதை யாரிடம் சொல்வது? அப்பா கேட்கவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் பெண்ணிடம் கேட்கிற வழக்கமே இல்லை.

கோயிலில் ஓலை வாசிக்கத் தொடங்கினார்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பாதிரியார் ஐயர் சபைக்கு அறிவிக்கும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். யாரும் தடை சொல்லி நான் கண்டதில்லை. அந்த இடத்தில்தான் எல்லாரும் இருமிக்கொள்வார்கள், பிள்ளைகளுக்குச் சட்டையைச் சரிசெய்வார்கள்.

முதல் ஓலை முடிந்த வாரம் எனக்கு மெட்ராஸ் ஐ வந்தது. கண் இரண்டும் கோவைப்பழம், ஓயாமல் நீர். உலகமே கரைந்து போயிருந்தது. ரயில் விளக்குகள் பூப்பூவாக விரிந்தன. ரூபி அக்கா என் முகத்தருகே குனிந்து பார்த்தார். கண்வலி என்று சொன்னேன். "எனக்குத் தெரியாதா சுகு" என்று என் கையைப் பிடித்து அழுத்தினார். நான் அழுதிருக்கிறேன் என்றே அவர் முடிவு கட்டிவிட்டார்.

இரண்டாம் ஓலை. ஐயர் வாசித்து முடித்து, அடுத்த காகிதத்தை எடுத்துவிட்டார். பெண்கள் பக்கத்திலிருந்து ரூபி அக்கா எழுந்தார்.

"தடை இருக்குங்கய்யா. பொண்ணை யாரும் கேக்கல."

ஆராதனை முடிந்ததும் அப்பாவையும் ரூபி அக்காவையும் என்னையும், ஐயர் அங்கி மாற்றும் வெஸ்ட்ரி அறைக்குள் அழைத்தார்கள். அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நல்லவேளை, பார்த்தாலும் தெரிந்திருக்காது. பயப்படாமல் சொல் அம்மா, உனக்குச் சம்மதமா என்று ஐயர் கேட்டார். சம்மதம் என்றேன். சொல்லும்போதே கண்ணிலிருந்து தாரைதாரையாகக் கொட்டியது.

"பாருங்க, சம்மதம்னு சொல்றப்பவே எப்படி அழுவுது பொண்ணு" என்றார் ரூபி அக்கா.

ஐயர் பெருமூச்சு விட்டு, ஓலையை நிறுத்திவைப்போம் என்று அப்பாவிடம் சொல்ல ஆரம்பித்தார். எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆத்திரம் வந்ததோ.

"இது மெட்ராஸ் ஐ! எனக்கு அவரை ரொம்பப் பிடிச்சிருக்கு!"

வெளியே பாடகர் குழு பேசிக்கொண்டிருந்தது, சட்டென்று ஓய்ந்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பெண் வாயைத் திறந்து இப்படிச் சொல்வதை அந்தக் கோயில் அதுவரை கேட்டிருக்காது. அப்பா கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ரூபி அக்கா, அப்போ சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

சரியாகப் போகவில்லை. சாயங்காலத்துக்குள் விஷயம் செங்கல்பட்டுக்கு எட்டிவிட்டது. சபையில் தடை சொல்லப்பட்ட பெண் எங்களுக்கு வேண்டாம் என்று மாப்பிள்ளையின் அம்மா ஆள் அனுப்பினார். நான் ஈரப்பஞ்சைக் கண்ணில் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். பிடித்திருக்கிறது என்று ஊரறியச் சொல்லியாயிற்று. இனி இது நின்றுபோனால் எந்த முகத்தோடு வெளியே நடமாடுவேன்? அதைவிட, அந்தச் சிரிப்பை இனிமேல் பார்க்கவே முடியாதே என்றுதான் அழுதேன். அது நிஜ அழுகை.

ரூபி அக்கா யாரையும் கேட்காமல் செங்கல்பட்டுக்கு ரயில் ஏறினார். அதற்குள் என் கண்வலி அவருக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. சிவந்து வீங்கிய கண்ணோடு, நீர் வழிய வழிய, அவர் வாசலில் போய் நின்றதைப் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா கரைந்துபோனார். "அந்தம்மா அழுத அழுகைக்கு என் மனசே எளகிடுச்சு" என்று என் மாமியார் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ரூபி அக்கா திருத்தவில்லை. பிறர் விஷயத்தில் அவர் வாயை மூடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்து அது ஒன்றில்தான். வெளியே வரும்போது மட்டும், வெஸ்ட்ரியில் நான் சொன்னதை வாத்தியார் காதில் போட்டிருக்கிறார். மூன்றாம் ஓலைக்கு மாப்பிள்ளையே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எனக்குக் கண் தெளிந்திருந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள், தாங்காமல், ஏன் அக்கா அப்படிச் செய்தீர்கள் என்று ரயிலில் கேட்டேன். அவர் கணவரை விட்டு வந்து தனியாக இருந்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். அதைப் பற்றி அவர் பேசிக் கேட்டவர்கள் உண்டா?

"என் ஓலை வாசிச்சப்ப கோயில் நெறைய ஆளுங்க. அவர் எப்படிப்பட்ட ஆளுன்னு எல்லாருக்கும் தெரியும். நான் எங்கப்பா பக்கத்துல உக்காந்து, யாராவது எழுந்திரிப்பாங்களான்னு பாத்துகிட்டே இருந்தேன்."

பிறகு, கிண்டி வந்தால் எழுப்பு என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் ரயிலில் தூங்கி அன்றுதான் பார்த்தேன். கடற்கரை ஸ்டேஷன் வரும்வரை நான் எழுப்பவில்லை.

அடக்கத்துக்கு அத்தனை கூட்டம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சிட்லபாக்கத்திலிருந்து அந்தக் கிணற்றுக்காரர்கூட வந்திருந்தார். குழியில் மண் போட்டுவிட்டு நானும் என் கணவரும் நடந்தே வீடு திரும்பினோம். வழியில் ஏதோ ஒன்றுமில்லாத விஷயத்துக்கு எங்களுக்குள் சண்டை. எனக்குத் தெரிந்த பெண்கள் எல்லாரும் அப்படிப்பட்ட சமயத்தில், எங்கப்பா பார்த்துக் கட்டிவைத்தது என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. பிடித்திருக்கிறது என்று சொன்னவள் நான். என் வாயால், சத்தமாக, எல்லாரும் கேட்க. ரூபி அக்கா எழுந்து நின்று எனக்கு வாங்கிக்கொடுத்தது அந்த ஒரு வார்த்தைதான். அதை வைத்துக்கொண்டிருக்கிறேன்.