பன்யா அடைத்த காற்று

எப்பிஃபானியா என்ற முழுப்பெயர் பாதிரியாருக்கு மட்டும்தான் தெரியும். பிலிப்பைன்ஸில் நெக்ரோஸ் தீவுக்கு எதிரே இருக்கும் அந்தச் சின்னத் தீவில் அவள் எல்லோருக்கும் பன்யாதான். முக்குளிப்புக் கடையின் பின்கட்டில் பத்தொன்பது வருஷமாகச் சிலிண்டர்களில் காற்று அடைக்கிறாள். பவளப்பாறை பார்க்கப் போகிறவர்கள் கடலுக்கடியில் இழுக்கிற மூச்செல்லாம் அவள் அடைத்ததுதான். அவள் மட்டும் இடுப்பளவுத் தண்ணீரைத் தாண்டியதில்லை. கேட்டால், "மீனைத் தட்டுல பாத்தா போதும்" என்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, கரையேறிய டென்மார்க்காரர் ஒருவர் முகத்தைச் சுளித்தார்.

"காத்துல கருவாட்டு நாத்தம் அடிக்குதே!"

பன்யாவுக்குச் சுர்ரென்று ஏறியது. "என் காத்துலயா?"

ஆட்களைக் கீழே கூட்டிப்போகிற வழிகாட்டி, அவளுடைய நாத்தனார் நேலியா. அண்ணியைச் சீண்டுவதென்றால் அவளுக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி.

"எனக்கும்தான் நாலு நாளா அடிக்குது அண்ணி. கூடச் சாப்பிடப் பூண்டுச் சோறு ஒண்ணுதான் குறை."

"வாய் அழுகிப்போகும்டி உனக்கு!"

"சந்தேகம்னா நீங்களே எறங்கி மோந்து பாருங்க."

"எறங்குறேன்டி. எனக்கென்ன பயம்?"

"அதுக்கு ஏன் கடலுக்குள்ள போகணும்? இங்கயே திறந்து..." என்று ஆரம்பித்தான் பன்யாவின் புருஷன் டதோ. பெண்கள் இருவரும் முறைத்த முறைப்பில் படகைக் கிளப்பப் போய்விட்டான்.

ஐந்து மீட்டர் ஆழம். நேலியா கையைப் பிடித்திருந்தாள். காது அடைத்தபோது, சொல்லிக்கொடுத்தபடி மூக்கைப் பிடித்து ஊதினாள் பன்யா. மூச்சை நன்றாக இழுத்தாள். கருவாடு! சந்தேகமே இல்லாத வறுத்த கருவாட்டு வாசனை!

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்ததில் கன்னம் மேலேறி முகக்கண்ணாடி விலகி, உப்புத்தண்ணீர் உள்ளே புகுந்தது. 'சிரிக்காதே' என்று நேலியா கையாட்டியதும் இன்னும் சிரித்தாள். நேலியா கண்ணாடித் தண்ணீரை வெளியேற்றிக் கொடுத்து முடிப்பதற்குள் கட்டைவிரல் அளவு ஆரஞ்சு மீன் ஒன்று, தன் வீட்டை விட்டுப் பாய்ந்து வந்து பன்யாவின் விரலைக் கடித்தது. வேலி தாண்டி வந்த கோழியைப் பன்யா விரட்டுகிற அதே ஆவேசம். மறுபடி கண்ணாடிக்குள் தண்ணீர். மற்றவர்களுக்கு ஐம்பது நிமிஷம் வருகிற காற்றை இருபதே நிமிஷத்தில் சிரித்தே தீர்த்தாள்.

மேலே வந்ததும் முதல் வார்த்தை: "கருவாடுதான்டி! சத்தியமா கருவாடேதான்!"

போன வாரம் கடையின் சமையல்காரர் கருவாடு வறுக்கிற அடுப்பை இடம் மாற்றியிருந்தார். சிலிண்டர் நிரப்பும் இயந்திரத்துக்குக் காற்றிழுக்கும் குழாயின் வாய்க்கு நேர் கீழே. அன்று சாயங்காலமே பன்யா கூரையேறிக் குழாயைக் கடல் பக்கம் திருப்பினாள். டென்மார்க்காரருக்கு வாழைப்பழ வறுவல் கொடுத்து மன்னிப்பும் கேட்டாள். அந்த மீன் கதையை அவரிடமே நான்கு முறை சொன்னாள்.

நாற்பத்தெட்டு வயதில் முக்குளிப்புப் பரீட்சை எழுதித் தேறினாள். இப்போது ஞாயிறு பூசை முடிந்தால் நேரே கடல்தான். போன திருவிழாவன்று ஆயிரக்கணக்கான பாரை மீன்கள் வெள்ளிச் சுவராக அவளைச் சுற்றி வட்டமடித்தன. அவளும் கூடவே சுற்றினாள். படகேறியதும் நிற்க முடியாமல் டதோவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள்.

"என்னடி ஆச்சு? உடம்பு சரியில்லையா?" என்று அவன் பதறினான்.

"சுத்துதுங்க... எல்லாம் சுத்துது!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். படகு கரை சேரும்வரை அவனை விடவில்லை.