பியோர்ண்டாலை ஐந்தாகக் கிழித்த வரைபடம்

சங்கத் தேர்தலுக்கு அதிகாரியாக இருப்பவனை வென்றவனும் ஏசுவான், தோற்றவனும் ஏசுவான். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒற்றுமை வரும். ஊர் ஒன்றியம், கோயில் சபை, பழைய மாணவர் சங்கம் என்று எதிலாவது தலையைக் கொடுத்து மாட்டிக்கொண்ட உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

நான் ஒஸ்லோவில் பேருந்து ஓட்டுகிறேன். நாட்டுத் தேர்தல் வரும்போது வாக்குச்சாவடியில் வாக்குச்சீட்டுக்கு முத்திரை குத்தும் வேலைக்கும் போவேன். அந்த முத்திரையை நம்பித்தான் எங்கள் தமிழ்ச் சங்கம் என்னைத் தேர்தல் அதிகாரியாக்கியது. சங்கத் தலைவர் என் அக்காவின் கணவர் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னைத் திட்டக்கூடாது.

சனிக்கிழமைப் பயணம்

சங்கத்தின் தமிழ் வகுப்பு நகரத்தின் வடகிழக்கே ஸ்டோவ்னரில் நடக்கிறது. பியோர்ண்டால் இருப்பதோ தெற்கு அந்தத்தில். அங்கிருந்து சுகந்தி ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு பேருந்து ஏறி, ரயில் மாறி வருவாள். முதியோர் இல்லத்தில் வேலை, இரண்டு வாரத்துக்கொரு தடவை வார இறுதியிலும் வேலை. சின்னவனுக்குப் பேருந்து ஏறினாலே வயிற்றைப் பிரட்டும். பல தடவை என் பேருந்திலேயே பிரட்டியிருக்கிறது.

பியோர்ண்டாலிலும் ஒரு வகுப்புத் தொடங்கச் சொல்லி அவள் கடிதம் எழுதினாள். வகுப்பைப் பிரித்தால் தரம் குறைந்துவிடும் என்று அத்தான் மறுத்துவிட்டார். அவருடைய வீட்டிலிருந்து வகுப்புக்கு நடந்து போக நாலு நிமிடம். அடுத்த தேர்தலில் தானே நிற்கப்போவதாகச் சுகந்தி என்னிடம் வந்து சொன்னாள்.

"இந்த முறையும் வகுப்பு வரேல்லையெண்டால் பிள்ளையளை நிப்பாட்டிப்போடுவன், அண்ணை. பிறகு அதுகள் என்னோடை நோர்ஸ்க் பாஷையிலைதான் கதைக்குங்கள்."

லிஃப்ட்

அதுவரை எங்கள் சங்கத் தேர்தல் பொதுக்கூட்டத்தில் கையை உயர்த்துவதோடு முடிந்துவிடும். பியோர்ண்டால் கைகள் கூடிக்கொண்டு வருவதைக் கண்ட அத்தானுக்குத் திடீரென்று நவீனம் பிடித்தது. ஒஸ்லோவை ஐந்து வட்டாரமாகப் பிரிப்பது, வட்டாரத்துக்கு ஒருவரைத் தெரிவு செய்வது, அந்த ஐவரும் சேர்ந்து தலைவரைத் தெரிவு செய்வது என்று செயற்குழுவில் தீர்மானம் நிறைவேற்றிவிட்டு, வரைபடத்தை என் சமையலறை மேசையில் விரித்தார்.

ஸ்டோவ்னர் முழுதாக ஒரு வட்டாரத்தில் இருந்தது. அதற்குப் பக்கத்துப் பகுதியான அம்மருட்டும் அப்படியே. பியோர்ண்டாலை மட்டும் ஐந்தாகக் கிழித்து, ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு வட்டாரத்தின் வாலில் கட்டியிருந்தார். கோடுகள் நகரத்துக்கு மேலால் இடியப்பம் பிழிந்த மாதிரி ஓடின. கேட்டால், யாழ்ப்பாணத்தில் யார் எந்த ஊர் என்று பார்த்து, ஊர்க்காரரை ஊர்க்காரரோடு சேர்த்தாராம்.

"அத்தான், ஸ்டோவ்னரிலையும் பத்து ஊர்ச் சனம் இருக்குதே, அவையை ஏன் பிரிக்கேல்லை?" என்று கேட்டேன்.

"அவை ஒரே லிஃப்டிலை ஏறி இறங்கி ஒண்டாப் போட்டினம், தம்பி. பியோர்ண்டாலிலை லிஃப்ட் இல்லை."

ஊர் எது?

அக்கா பிறகு என்னோடு பேசமாட்டாள் என்ற பயத்தில் வரைபடத்தில் கையெழுத்து வைத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. வாக்காளர் பட்டியல் தயாரிக்க வீடு வீடாகத் தொலைபேசி எடுத்தபோது அந்த வெட்கத்துக்கு வட்டியும் சேர்ந்தது. பியோர்ண்டாலில் ஒரு வீட்டில் கணவனின் ஊர்ப்படி அவருக்கு வாக்கு ஸ்டோவ்னரோடு. மனைவியின் ஊர்ப்படி அவருக்கு அம்மருட்டோடு. கலியாணத்துக்குப் பொருத்தம் பார்த்தவர் இதைக் கவனிக்கவில்லை என்று அந்த மனுஷன் சிரித்தார்.

அவர்களுடைய மகள் சிரிக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள், இங்கேயே பிறந்தவள். உன் ஊர் எது என்று கேட்டேன். பியோர்ண்டால் என்றாள். என் படிவத்தில் அப்படி ஒரு ஊர் இல்லை என்று, அதிகாரி அல்லவா, அதிகாரத்தோடு சொன்னேன்.

"எனக்கு வேறை ஊர் இல்லை, அங்கிள். இருந்த ஒண்டையும் நீங்கள்தான் அஞ்சாப் பிரிச்சுப் போட்டியள்."

அமெரிக்க மச்சான்

அந்தக் கோடையில் என் மாமாவின் மகன் அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தான். பெரிய ஜனநாயக நாட்டிலிருந்து வந்தவன், பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரிப்பான் என்று வரைபடத்தைக் காட்டினேன். அவனோ மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நகைக்கடைக்காரன் மாதிரி நுணுக்கமாகப் பார்த்தான்.

அங்கே இதற்கு ஜெரிமாண்டரிங் என்று பெயரே இருக்கிறதாம். பல மாநிலங்களில் வென்ற கட்சியே அடுத்த தேர்தலுக்கான கோட்டையும் கீறுமாம். எதிராளிகளை எல்லாத் தொகுதிக்கும் சிதறடித்து எங்குமே வெல்லாமல் பண்ணலாம். அல்லது எல்லாரையும் ஒரே தொகுதிக்குள் அடைத்து ஒரேயொரு இடத்தோடு அனுப்பிவிடலாம். அவனுடைய வீடு ஒரு தொகுதி, தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற மாமியார் வீடு வேறு தொகுதி. அது ஒன்றுதான் அவனுக்கு அந்த ஏற்பாட்டில் பிடித்த விஷயமாம்.

"எங்கடை பக்கத்திலை இதைக் கீற படிச்ச ஆக்களும் கொம்ப்யூட்டரும் வேணும், மச்சான். உன்ரை அத்தான் பேனையாலையே கீறியிருக்கிறார். அந்தாள் அங்கை இருக்கவேண்டிய ஆள்."

பன்னிரண்டு மணி

வாக்குப்பெட்டி ஒன்றுதான், அதுவும் ஸ்டோவ்னரில்தான் என்றார் அத்தான். ஞாயிறு காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை. ஞாயிறு காலையில் பியோர்ண்டாலிலிருந்து பேருந்து எப்படி ஓடும் என்பது எனக்குத் தெரியும், ஓட்டுகிறவனே நான்தானே. இன்னொரு பெட்டி வைக்கக் கெஞ்சினேன். நடக்கவில்லை. வாக்களிக்கும் இடத்தைத் தூரத்தில் வைப்பதும் தன் ஊரில் பழைய வித்தைதான் என்றான் மச்சான்.

ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்தால் வாசலில் முழுப் பியோர்ண்டாலும் நின்றது. தூரம் என்றபடியால் ஏழரைக்கே கார்களில் அடைந்து புறப்பட்டிருந்தார்கள். பதினொன்றுக்கெல்லாம் போட்டு முடித்துவிட்டார்கள். ஸ்டோவ்னர்க்காரரையும் அம்மருட்காரரையும் ஆங்காங்கேதான் காண முடிந்தது.

பன்னிரண்டு அடித்ததும் பெட்டிக்குச் சீல் வைத்தேன். முத்திரை குத்திப் பழகிய கை அது, ஒரு நிமிடமும் பிந்தாது. பன்னிரண்டரைக்குச் சேலையும் வேட்டியுமாக, பவுடர் மணக்க, கலியாண வீட்டுக்குப் போவதுபோல ஸ்டோவ்னர் ஆற அமர வந்து சேர்ந்தது. தமிழ் நிகழ்ச்சிக்கு அழைப்பிதழில் போட்ட நேரத்துக்கு எவர் போயிருக்கிறார்கள், சொல்லுங்கள்? முன்னால் வந்தவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"பன்ரெண்டு எண்டு போட்டால் ஒரு மணி எண்டுதானே அர்த்தம்? நீ என்ன, நோர்வேக்காரனே?"

நிமிர்த்திய கோடு

ஐந்து வட்டாரத்திலும் பியோர்ண்டால் துண்டு ஒவ்வொன்று இருந்ததால், மூன்றில் அவர்களே வென்றார்கள். கையை உயர்த்தும் பழைய முறையில் இவ்வளவு கிடைத்திருக்காது. சுகந்தி தலைவியானாள். அடுத்த மாதமே பியோர்ண்டாலில் வகுப்புத் தொடங்கியது. சின்னவன் வீட்டிலிருந்து நடந்தே போனான். அன்று எனக்கு உண்மையாகவே சந்தோஷம். அக்கா ஆறு வாரம் என்னோடு கதைக்காததைக்கூட அது ஈடுகட்டியது.

கையெழுத்து வைத்த குற்றம் மட்டும் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. இரண்டு ஞாயிறு உட்கார்ந்து புதிதாக ஒரு வரைபடம் கீறினேன். ஸ்டோவ்னர் ஸ்டோவ்னராக, பியோர்ண்டால் பியோர்ண்டாலாக, யாரையும் கிழிக்காமல், நேர் கோட்டில். அதன்படி அடுத்த முறை பியோர்ண்டாலுக்கு ஒரு இடம், அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு. சுகந்தியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். தேத்தண்ணி தந்தாள், பொரித்த பற்றிஸ் தந்தாள். வரைபடத்தைக் கனநேரம் பார்த்தாள், விரலால் இடங்களை எண்ணினாள், பிறகு அழகாக மடித்து என்னிடமே திருப்பித் தந்தாள்.

"இப்ப என்ன அவசரம், அண்ணை? அத்தான் கீறினது நல்லாத்தானே கிடக்கு."

கோடு வளைந்திருக்கிறது என்று முறையிட வந்தவர்களை இந்த வேலையில் நிறையவே பார்த்துவிட்டேன். தன் பக்கம் வளைந்த கோட்டை நிமிர்த்தித் தரச்சொல்லி வருகிற முதல் ஆளுக்காகத்தான் இன்னும் பதவி விலகாமல் இருக்கிறேன்.