சைக்கிளையே காணாத சாரதி

முருங்கனில் காலை பஸ் வரவில்லை. என்னைச் சைக்கிளோடு இடித்தவரின் வான் வண்டியிலேயே மன்னார் நீதிமன்றத்துக்குப் போனேன். இருவருக்கும் ஒரே வழக்குத்தானே.

போய்ச் சேர்ந்ததும் அவர் கூண்டில் ஏறி வழக்கம்போலச் சொன்னார்: "அண்டைக்கு ரோட்டில நான் ஒரு சைக்கிளையும் காணேல்லை ஐயா."

என் இடது கை இன்னும் தோளுக்கு மேல் எழும்பாது. வழக்குக்கு இன்னொரு தவணை போட்டார்கள்.

பிறகு சைக்கிளை அடையாளம் காட்டப் பொலிசுக்குப் போனோம். பின்வளவில் ஒரு வரிசை நின்றது. எல்லாம் யுத்தம் முடிந்து ஊரில் மீள்குடியேறியபோது வீட்டுக்கு வீடு கொடுத்த அதே நீலச் சைக்கிள்கள், எல்லாம் நெளிந்தவை. குத்துமதிப்பாக ஒன்றைத் தொட்டேன்.

வானை ஓட்டி வந்தவருக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, அது இல்லை. உங்கடை கரியரில பச்சை வலைக்கயிறெல்லோ சுத்திக் கிடந்தது. அந்தா, மூலையில நிக்குது."

சரியாகத்தான் சொன்னார். என்னுடையதேதான்.

சார்ஜன் எழுதுவதை நிறுத்தினார். "அண்ணை, நீங்கள் இதில வந்து இருங்கோ" என்று கதிரையை இழுத்துப் போட்டார்.

நான் பஸ்ஸில் வீடு வந்தேன்.

அடுத்த தவணைக்கு முருங்கனில் இருந்து மன்னார் போகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அன்று ஏற்றிப் போனவர் இனி ரோட்டில் என்னையும் காணமாட்டார்.