அண்ணி சொல்லாமல் விட்ட வரி

ஆட்டுக்கறி பிரட்டலுக்கு வேண்டியவை: எலும்போடு கறி இரண்டு ராத்தல். சின்ன வெங்காயம் இரண்டு கை. இஞ்சி, பூண்டு. காய்ந்த மிளகாய், மல்லி, சோம்பு, மஞ்சள், நான்கும் தனித்தனியே நீர் தெளித்து அரைத்தது. பட்டை ஒரு விரல் நீளம், கிராம்பு ஆறு, ஜாதிக்காய் ஒரு சுரண்டல். கிராம்பும் ஜாதிக்காயும் இந்தப் பினாங்குத் தீவின் மலைச்சரிவில் விளைந்ததாக இருக்கட்டும். கப்பலில் வருவது பாதி மணத்தைக் கடலிலேயே விட்டுவிடுகிறது. வாசனைக்கு, முடிச்சுப் போட்ட ரம்பை இலை ஒன்று. கெட்டித் தேங்காய்ப்பால் ஒரு கிண்ணம். உப்பு.

இன்னும் ஒரு பொருள் உண்டு. அதை இப்போது சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டுக்கு அது தெரியாமல் ஒருவர் பன்னிரண்டு வருஷம் காப்பாற்றினார். வாசகர்கள் அரை மணி நேரம் காத்திருப்பதில் தவறில்லை.

அந்த ஒருவர் என் அண்ணி. பினாங்குத் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் ஈஸ்டர் என்றால் முதலில் பூசை, அடுத்தது அண்ணி வீட்டுப் பிரட்டல். நாற்பது நாள் தபசு காலத்தில் கறியைக் கண்ணால் பார்க்காமல் கிடந்த எங்களுக்கு இரண்டில் எது பெரிது என்று சாமியார் கேட்காதவரை நல்லது. அண்ணியின் சட்டியில் கறி எலும்பை விட்டுத் தானாகக் கழன்று வரும். கிழட்டு ஆடுகூட அங்கே வந்தால் இளகிவிடும். மனிதர்களிடம் மட்டும் அண்ணி அந்த வித்தையைக் காட்டியதில்லை.

எனக்குக் கல்யாணமாகி, மனைவி நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்து இறங்கிய முதல் ஈஸ்டரில் அவளும் அந்தப் பிரட்டலைச் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு, புது மருமகளுக்குரிய பயத்தோடு, "அக்கா, இது எப்படி செய்யிறதுன்னு எனக்குச் சொல்லித் தருவீங்களா?" என்று கேட்டாள்.

"அதுக்கென்னம்மா, நமக்குள்ள ஒளிவு மறைவா? தம்பி, காகிதம் எடுங்க" என்றார் அண்ணி.

மனைவி கன்னிமாடத்தில் படித்தவள், அழகாக எழுதுவாள். ஆனால் நான் கப்பல் ஆபீஸ் கிராணி, நாள் முழுக்கக் கணக்கு எழுதுகிறவன். என் கையெழுத்தில் எனக்கே ஒரு மயக்கம். முந்திக்கொண்டு பேனாவை எடுத்தேன். அண்ணி சொல்லச் சொல்ல, ஆபீஸ் காகிதத்தில், நீல மையில், பதினோரு வரி எழுதினேன். தலைப்புக்கு அடியில் இரட்டைக் கோடு வேறு. எங்கள் வீட்டுக்கு எதிரான மோசடிப் பத்திரம் ஒன்றை இவ்வளவு சுத்தமாக எழுதிக் கொடுத்தவன் இந்தத் தீவில் வேறு யாரும் இருக்க முடியாது.

அடுத்த ஈஸ்டருக்கு அண்ணி பெருந்தன்மையாக, "இந்தத் தடவ பிரட்டல் தங்கச்சி வீட்டுல இருந்து வரட்டும்" என்று சொல்லிவிட்டார். மனைவி அந்தப் பதினோரு வரியை விசுவாசப் பிரமாணம் போல வரி பிசகாமல் பின்பற்றினாள். நிறம் வந்தது, மணம் வந்தது. கறி மட்டும் வரவில்லை. எலும்பைக் கட்டிக்கொண்டு கிடந்தது. அண்ணன் ஒரு துண்டை வாயில் போட்டு, மென்று, இன்னும் மென்று, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோவில் உபதேசியாருக்கு அப்போது ஐந்து பல் மிச்சம் இருந்தது. பந்தி முடிந்து எழுந்தபோது நான்கு. அவர் நல்ல மனுஷர்; விழுந்ததை யாருக்கும் காட்டாமல் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

ரப்பர் விலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. ஊரில் யாரைப் பார்த்தாலும் அதே பேச்சு. அண்ணி ஒரு துண்டை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, பந்தி முழுவதும் கேட்கும்படி, "ரப்பருக்கு எல்லாரும் தோட்டம் தோட்டமா அலையிறாங்க. இங்க பாரு, சட்டியிலேயே விளைஞ்சிருக்கு! ஏம்மா, நான் சொன்னதையா செஞ்சே?" என்றார்.

முப்பது பேர் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன். அதை எழுதாவிட்டால் இந்தக் கட்டுரையில் உண்மை இல்லை. மனைவி என்னைப் பார்த்த பார்வையில் என் சிரிப்பு பாதியில் நின்றது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு 'தோட்டம்' என்று பெயர். "தோட்டத்துல இருந்து யாரும் வரலையா?" என்று கோவில் வாசலில் கேட்பார்கள். மனைவி அதன்பின் பிரட்டல் செய்யவே இல்லை. அந்தக் காகிதத்தை மட்டும் மடித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

பழிவாங்க வேண்டும் என்று நான் அன்றே முடிவு செய்தேன். படித்த கதைகளில் பழிவாங்குகிறவனிடம் ஒரு கத்தியாவது இருக்கும். என்னிடம் இருந்தது பென்ஷன் எதிர்பார்க்கும் உத்தியோகமும் லேசான வயிற்றுவலியும். ஆகையால் பதினோரு வருஷம் பிடித்தது.

இடையில் ஒரு முயற்சி செய்தேன். பசாரில் அரைத்த மசாலா விற்கும் பாய் ஒருவர் இருந்தார். பெரிய கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். முன்னால் சிவப்பும் மஞ்சளும் பழுப்பும் வெள்ளையுமாக ஈர விழுதுகள் குவியல் குவியலாக இருக்கும். "என்ன கறி, எத்தன பேரு?" என்று இரண்டே கேள்வி. ஒவ்வொரு குவியலிலும் விரலால் கொஞ்சம் வழித்து வாழையிலையில் அப்பி மடித்துத் தருவார். ஊரில் எந்த வீட்டுக் குழம்பில் என்ன இருக்கிறது என்று கர்த்தருக்கு அடுத்தபடியாக அறிந்தவர் அவர்தான்.

"பாய், எங்க அண்ணி வீட்டுக்கு ஈஸ்டருக்கு என்னதான் குடுக்கிறீங்க?" என்று ஒருநாள் குழைந்து பார்த்தேன்.

"தம்பி, டாக்டர்கிட்ட போயி அடுத்த வீட்டுக்காரனுக்கு என்ன சீக்குன்னு கேப்பீங்களா? உங்க வீட்டுக்கு என்ன வேணும், அதச் சொல்லுங்கலா" என்றார் பாய்.

அந்தக் காகிதம் எழுதிய பன்னிரண்டாம் வருஷம், ஈஸ்டர் காலை. பூசை முடிந்து வெளியே வந்தேன். கோவிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். மனைவி எந்த வாசல் வழியாகப் போனாள் என்று பார்க்கவில்லை. அண்ணன் வேகமாக வந்து என் கையைப் பிடித்தார்.

"டேய், உங்க அண்ணி நேத்து கிணத்தடியில வழுக்கிக் கால சுளுக்கிக்கிட்டா. பசார் வரைக்கும் போயிட்டு வந்துடு. மசாலா பாய்கிட்ட நம்ம வீட்டு ஈஸ்டர் பொட்டலம்னு சொன்னா போதும்."

நான் ஓடினேன் என்று சொன்னால் என் தொப்பை சிரிக்கும். வேகமாக நடந்தேன்.

பாய் இரண்டு பொட்டலம் கட்டினார். ஒன்று பெரியது, மசாலா. இன்னொன்று சின்னது, வெளுத்த பச்சை நிற விழுது.

"இது என்ன பாய்?"

"இன்னிக்கு அந்த வீட்டு ஆளா வந்திருக்கீங்க, அதனால சொல்றேன். பப்பாளிக்காய். கறியில தடவி அரை மணி நேரம் வைக்கணும். அதுக்கு மேல வச்சா கூழாயிடும். உங்க அண்ணிக்குத் தெரியும்."

பப்பாளிக்காய்! அண்ணி வீட்டுக் கொல்லையில் பப்பாளி மரம் ஒன்று ஒன்றும் அறியாதது போல நின்றுகொண்டிருக்கிறது. அதன் பழத்தை எத்தனை தடவை தின்றிருக்கிறேன்! காயைப் பறித்தால் யாராவது பார்ப்பார்கள் என்று, அண்ணி அதைப் பசாரில் அரைத்து, இலையில் மறைத்து வாங்கியிருக்கிறார்.

சூலியா தெரு முனை வரும்வரை யோசித்தேன். பொட்டலத்தைப் பிரித்து விரலால் தொட்டும் பார்த்தேன். பிறகு, கடை வாசலில் காகிதம் தின்றுகொண்டிருந்த ஒரு ஆட்டின் முன்னால் அதை வைத்தேன். ஆடு இலையோடு தின்றது. உயிரோடு இருக்கும்போதே உள்ளிருந்து பக்குவமாகத் தொடங்கிய ஆடு அது ஒன்றாகத்தான் இருக்கும். இன்று அண்ணி சட்டியில் ரப்பர் விளையட்டும். முப்பது பேரும் சிரிக்கட்டும். முதல் சிரிப்பு என்னுடையதாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த ஈஸ்டரிலும் நடந்ததில்லை.

அண்ணி வீட்டு அடுப்பங்கரைக்குள் நுழைந்தேன். வாசற்படி அருகே சாய்வு நாற்காலியில், காலைத் தூக்கி முக்காலிமேல் வைத்துக்கொண்டு அண்ணி. உள்ளே, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அரிவாள்மணை முன்னால் கறி நறுக்கிக்கொண்டிருந்தவள் என் மனைவி.

"நீ இங்க எங்க வந்தே?" என்றேன்.

"அக்காவால எந்திரிக்க முடியல. கோவில்ல வச்சே உங்க அண்ணன் என்னை வரச் சொல்லிட்டாரு. நான்தான் ஆக்குறேன்" என்றாள்.

"நான் சொல்லச் சொல்ல செஞ்சாப் போதும்" என்றார் அண்ணி. அன்று அவர் சொல்லச் சொல்லத்தான் நானும் எழுதினேன். பிறகு என் கையைப் பார்த்தார். "இன்னொரு பொட்டலம் எங்க தம்பி?"

"எந்தப் பொட்டலம் அண்ணி?"

"சின்னது."

"சின்னதுன்னா? அதுல என்ன இருக்கும்?"

அண்ணி பெரிய பொட்டலத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பப்பாளி என்று சொன்னால் பன்னிரண்டு வருஷத்துக் கதை வெளியே வரும். நான் சொன்னால் ஆடு வெளியே வரும். இரண்டு திருடர்கள் ஒரு சட்டியின் இரு பக்கமும் நின்றோம். அந்தச் சட்டி இப்போது என் மனைவி கையில் இருந்தது. வரப்போகிறவர்கள் அதே முப்பது பேர். உபதேசியாரும் வருகிறார், மிச்சமிருந்த இரண்டு பல்லோடு.

சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. அண்ணியின் முகத்தைப் பார்த்தேன்; நாக்கு திரும்பிப் போய்விட்டது. அவ்வளவு கேவலமான மனசு என்னுடையது.

சுவர்க்கடிகாரம் ஒன்பதரை அடித்தது. மனைவி நிமிராமலே பேசினாள். "பொட்டலம் வரலன்னா இருக்கிறத வச்சு ஆக்கிடறேன்க்கா. அன்னிக்கு மாதிரி ஆனா ஆகட்டும். இன்னிக்குச் சட்டி உங்களோடதுதானே."

அண்ணி கடிகாரத்தைப் பார்த்தார். சுளுக்கிய காலைப் பார்த்தார். என்னைப் பார்த்த பார்வையில் நான் வெந்திருக்க வேண்டும்.

"கொல்லையில ஒரு பப்பாளிக்காய் பறிச்சுக்கிட்டு வா" என்றார்.

கறி நறுக்கும் சத்தம் நின்றது.

"பப்பாளிக்காயா? கறிக்கா?"

"தடவத்தான். அப்பத்தான் வேகும்."

மனைவி எழுந்தாள். கையைக் கழுவி, துடைத்தாள். கோவிலிலிருந்து கொண்டுவந்து மாடத்தில் வைத்திருந்த தன் ஜெபப் புத்தகத்தை எடுத்து, மடித்த காகிதத்தைப் பிரித்து என்னிடம் நீட்டினாள். நீல மை சற்று வெளுத்திருந்தது. இரட்டைக் கோடு அப்படியே இருந்தது.

"எழுதுங்க. மூணாவது வரிக்கும் நாலாவது வரிக்கும் நடுவுல இடம் இருக்கு. நீங்க சொல்லுங்கக்கா."

"இப்ப எதுக்கும்மா எழுத்து? நேரமாகுது. அன்னிக்கு நான் சொல்லாம விட்டதே உனக்காகத்தான். கல்யாணமான புதுசு, பப்பாளிக்காய்னா வயித்துல பிள்ள தங்காதுன்னு பொம்பளைங்க பயப்படுவாங்க..."

"மூத்தவன் வயித்துல இருக்கும்போது இதே வீட்டுல இதே பிரட்டல் நாலு துண்டு வச்சீங்களேக்கா. அப்ப அந்த அக்கறை எங்க போச்சு?"

அண்ணி குனிந்து சுளுக்கிய காலைத் தடவிக்கொண்டார்.

"எனக்கு அவசரமில்லக்கா. கறி பச்சையாத்தான் இருக்கு" என்றாள் மனைவி.

அண்ணி சொன்னார். ஒவ்வொரு சொல்லாக, பல்லைப் பிடுங்குவது போல. நான் எழுதினேன். மனைவி வாங்கிப் படித்துப் பார்த்து, மடித்து, புத்தகத்துக்குள் வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போனாள்.

பழிவாங்கல் அங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். மத்தியானம் கறி வெண்ணெயாக இருந்தது. உபதேசியார் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். "அம்மா, உங்க கைப்பக்குவமே தனி!" என்றார் அண்ணியைப் பார்த்து. நாற்காலியில் சாய்ந்திருந்த அண்ணி, என் மனைவி ரசம் ஊற்றிக்கொண்டு நிற்கும்போதே, "கால்தான் நடக்கல, வாய் இருக்கே. சொல்லச் சொல்ல செஞ்சா, பாவம்" என்றார். யாரோ, "தோட்டத்துல நல்ல விளைச்சல்தான்" என்றார்கள். சிரித்தார்கள். மனைவி ரசத்தை ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றினாள்.

ரிக்‌ஷாவில் திரும்பும்போது, "நான் எல்லார் முன்னாடியும் எந்திரிச்சுச் சொல்லியிருக்கணும்" என்றேன்.

அவள் என் வெள்ளைக் கோட்டின் கைவிளிம்பைப் பிடித்துப் பார்த்தாள். பப்பாளி விழுது அங்கே பச்சையாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. வேறு வழியில்லாமல் ஆட்டைப் பற்றிச் சொன்னேன். வீட்டு வாசலில் இறங்கும்போது சொன்னாள்: "அன்னிக்கு எழுதினதும் நீங்க. இன்னிக்குத் தூக்கிப் போட்டதும் நீங்க. ரெண்டு தடவையும் சட்டி என் கையில."

அதற்குப் பிறகும் வருஷங்கள் ஓடிவிட்டன. பென்ஷன் இன்னும் வரவில்லை, வயிற்றுவலி நிரந்தரமாகிவிட்டது. சென்ற மாதம் உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர், வீட்டுச் சமையல் பற்றி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார். மனைவியிடம் சொன்னேன். எழுந்து போய் அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள்.

"பன்னெண்டு வரியையும் எழுதுங்க. யார் சொல்லாம விட்டாங்கன்னு எழுதுங்க. ஆட்டையும் விட்டுடாதீங்க."

எழுதிவிட்டேன். விடுபட்ட வரி இதுதான்: தோல் சீவிய பச்சைப் பப்பாளிக்காய், இரண்டு ராத்தல் கறிக்குக் கட்டைவிரல் அளவு, அரைத்துத் தடவி அரை மணி நேரம் வைக்கவும். தெருவுக்குத் தெரியட்டும், அக்கரையில் பாகான் டாலாம் வரை தெரியட்டும், எல்லார் வீட்டிலும் கறி வேகட்டும். அண்ணி வீட்டுப் பிரட்டல் இனி எல்லார் வீட்டுப் பிரட்டல்.

அண்ணிக்கு இப்போது கண் மங்கிவிட்டது, அச்செழுத்து தெரிவதில்லை. பத்திரிகை வந்ததும், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் உரக்கப் படித்துக் காட்டுவதாக என் மனைவி சொல்லியிருக்கிறாள்.