நகத்துக்கடியில் ஒரு கடுகு

தோல் டொக்டராக இருப்பதில் ஒரு கஷ்டம், நோய் ஊர் பார்க்கிற இடத்தில் இருப்பதால் நம்மிடம் வருவதற்குள் ஊரே வைத்தியம் பார்த்து முடித்திருக்கும். பதுளை டவுனில் கிளினிக் போட்டுப் பதினோரு வருஷமாகிறது. ஆள் உள்ளே வரும் முன்னே மஞ்சள் வாசமும் வேப்பெண்ணெய் வாசமும் வந்துவிடும். மனுஷரோடு மல்லுக்கட்டுகிற தொழிலில் நீங்களும் மாட்டியிருந்தால், என் பாடு சொல்லாமலே புரியும்.

பச்சை நகம்

பஜாரில் பலூடா கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒருவர் கட்டைவிரலில் பிளாஸ்டர் சுற்றிக்கொண்டு வந்தார். பிரித்துப் பார்த்தால் நகம் பாசி பிடித்த கல் மாதிரி பச்சை. அதன் மேல் மச்சான் சொன்னாரென்று சுண்ணாம்பு, மனைவி சொன்னாரென்று மருதாணி. அவர் கடை பலூடாவில்கூட இத்தனை கலர் இருக்காது.

நாள் முழுக்க கிளாஸ் கழுவுகிற கையில் நகம் லேசாகத் தூக்கிக்கொண்டால், அந்த இடுக்கில் ஒரு கிருமி குடியேறிப் பச்சை பூசிவிடும். எப்போதாவதுதான் பார்ப்போம், ஆபத்தில்லை. மருந்து கொடுத்து, ஒரு மாசத்துக்குக் கையில் தண்ணீர் படக்கூடாது, கடையில் சும்மா நின்று மேற்பார்வை மட்டும் பாருங்கள் என்றேன். மனுஷன் முகம் வாடிவிட்டது.

"அந்த வேலைக்கு ஏற்கெனவே மச்சான் ஈக்காரே, டொக்டர்."

கையெழுத்து

வெலிமடையில் லீக்ஸ் பயிர் போடுகிற ஒருவரை அவர் மனைவி இழுத்துக்கொண்டு வந்தார். சொறிந்த இடமெல்லாம் கோடு கோடாகத் தடித்ததாம். செய்வினை என்று பயந்து மந்திரித்துக் கயிறு கட்ட, கயிறு கட்டிய இடமும் வளையமாகத் தடித்துவிட்டது. சாமிக்கே கட்டுப்படாத வினை என்று அந்தம்மாவுக்கு ஒரே அழுகை. நான் பேனா மூடியால் அவர் முன்கையில் 'பதுளை' என்று எழுதினேன். ஐந்து நிமிஷத்தில் எழுத்து அச்சடித்த மாதிரி எழும்பி நின்றது. சிலர் தோல் அப்படித்தான், பயப்பட ஒன்றுமில்லை, அரை மணியில் மறைந்துவிடும் என்றேன். அழுகை நின்றது. கடைக்கு அனுப்பினால் பாதிச் சாமானை மறந்துவிட்டு வருகிற புருஷனுடைய கையை அந்தம்மா ஆசையாகத் தடவிப் பார்த்தார்.

"கடை பத்து நிமிஷந்தாங்க. இனிமே லிஸ்ட்ட இதுலயே எழுதி அனுப்புறேன்."

கங்காணியின் மனைவி

இதைச் சொல்ல எனக்கே வெட்கம். ஸ்பிரிங்வெளிப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்தெடுக்கிறவர் தனலெட்சுமி. வலது கட்டைவிரல் நகத்தடியில் மூன்று வருஷமாக வலி. காலையில் பனி நனைந்த கொழுந்தைத் தொட்டால் உயிர் போகுமாம், வெயில் ஏறினால் ஒன்றுமில்லையாம். வெளியே வீக்கம் கிடையாது, காயம் கிடையாது. காலையில் கூடை நிறையாததால் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழும். அந்த அரைப் பேரைப் போடுகிற கங்காணி வேறு யாருமில்லை, அவருடைய சொந்தப் புருஷன். பெண்டாட்டிக்குச் சலுகை காட்டுகிறான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, விடியற்காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டில் எல்லாரையும் நிற்க வைத்து 'பசப்புக்காரி' என்று இவரையே ஏசுவாராம். இப்படியே போனால் கொழுந்து வேலையிலிருந்து பேரை வெட்டிவிடுவதாகத் தோட்டத்துத் துரையும் சொல்லிவிட்டார்.

அவர் முதலில் வந்தது உச்சிவெயிலில். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த நகத்தைப் பார்த்தேன், அமுக்கினேன், ஒன்றும் தெரியவில்லை. ஊர் ஏச்சைக் கேட்டு மனசு நொந்து போயிருக்கிறார் என்று நானே முடிவுகட்டி, விட்டமின் எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம் முதல் பஸ்ஸில், தூறலில், புருஷனையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். இம்முறை எலுமிச்சம்பழம் தேய்த்துக் கறையை எடுத்திருந்தார். நகத்தடியில் மங்கலாக ஒரு நீலப் புள்ளி. ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் கட்டி எடுத்து நகத்தில் வைத்தேன். அவர் போட்ட சத்தத்தில் கங்காணி நாற்காலியை விட்டு எழும்பிவிட்டார். குளிர் பட்டால் மட்டும் துடிக்க வைக்கிற கட்டி அது. நாங்கள் வருஷக்கணக்கில் ஒன்று பார்த்தால் பெரிது.

நகத்தைத் தூக்கி எடுத்தபோது கட்டி கடுகளவுதான் இருந்தது. தையல் பிரிக்கிற அன்று தனலெட்சுமி தானே ஐஸ் கேட்டு வாங்கி, விரலில் வைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்துச் சிரித்தார். பிறகு என்னிடம் தமிழில், பெரிய எழுத்தில், தோட்டத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதித் தரச் சொன்னார். கடைசி வரியில் 'இவருக்கு மூன்று வருஷமாக இருந்த வலி உண்மையானது' என்று எழுதிக் கொடுத்தேன். அதை அவர் மடித்துப் புருஷன் சட்டைப் பையில் வைத்தார்.

"நான் வாசிக்க மாட்டேன். பெரட்டுல கங்காணியே வாசிக்கட்டும்."

ஒரு மாசம் கழித்துக் காயத்தைக் காட்ட வந்தார். முழுப் பேர் விழுகிறதாம். மெய்யாகவே வாசித்தாரா என்று கேட்டேன்.

"வாசிச்சாருங்கம்மா. கடைசி வரிய ரெண்டு தரம் வாசிக்க வச்சேன்."

இத்தனை வருஷத்தில் அபூர்வ நோய்கள் எத்தனையோ பார்த்துவிட்டேன், 'வலிக்குது' என்று ஒரு பொம்பளை சொன்னதும் ஐஸ் கட்டி இல்லாமலே நம்புகிற ஆள்தான் அதையெல்லாம்விட அபூர்வம், நானே அந்த ஆளாக இருக்கவில்லையே.