ஜெபமாலை போல் படித்த ஜெர்மன்

"குழந்தை தானா ஏதாவது பேசி எத்தனை நாளாவுது?"

இரண்டு வாரங்களுக்கு முன்பு புதுச்சேரியில் ஒரு குழந்தை மருத்துவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. என் மகள் ஜோவிதாவுக்குப் போன மாதம்தான் மூன்று வயது முடிந்தது. அவளுடைய தடுப்பூசித் தேதிகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். முதல் பல் எந்தக் கிழமை தெரிந்தது என்று கேட்டால் சொல்வேன். எந்த பிஸ்கட்டைத் தின்றால் தொடையில் தடிப்பு வரும் என்று கேட்டாலும் சொல்வேன். ஆனால் யாரும் தூண்டாமல், அவளாக வாயைத் திறந்து கடைசியாக ஒன்றைச் சொன்னது எப்போது என்று யோசித்தால் ஒன்றும் வரவில்லை.

"யோசிச்சு சொல்லுங்கம்மா, அவசரமில்ல" என்றார் டாக்டர். யோசிப்பது போல் சுவரைப் பார்த்தேன். குழந்தைகளுக்காக யானை, முயல், வாத்து என்று படங்கள் ஒட்டியிருந்தார்கள். முயலின் ஒரு காது பசை விட்டுத் தொங்கியது. எனக்கு எங்கள் வீட்டுச் சுவர்கள் ஞாபகத்துக்கு வந்துவிட்டன. கேட்ட கேள்வியை விட்டுவிட்டு மனம் எங்கெங்கோ போவது என் பழைய வியாதி. பரீட்சைகளிலும் அப்படித்தான்.

ஜோவிதாவின் முதல் பிறந்தநாள் கேக்கை வெட்டிய மூன்றாம் நாள் என் கணவர் ஜெர்மனிக்கு விமானம் ஏறினார். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் அவருக்கு நர்ஸ் வேலை. நானும் குழந்தையும் பின்னால் போய்ச் சேர வேண்டுமானால் நான் முதல்நிலை ஜெர்மன் தேர்வில் தேறியாக வேண்டும். மரக்காணத்தில் அம்மா வீட்டுக்கு வந்தேன். நான் பி.எஸ்சி. வேதியியல். உப்பின் வாய்பாடு தெரிந்தவள்; உப்பளத்து மேஸ்திரியின் மகளுக்கு அது தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று அம்மா அடிக்கடி கேட்பாள். இப்போது அதற்கு மேல் ஒரு மொழி.

இணைய வகுப்பில் ஆசிரியை முதல் நாளே சொன்னார்: வீட்டிலுள்ள பொருள்களின் மீதெல்லாம் பெயர்ச்சீட்டு ஒட்டுங்கள். சொன்னதைச் செய்கிற பெண் நான். கதவு, நாற்காலி, அண்டா, அரிசி டிரம், மாதா படத்தின் கீழே இருக்கும் மெழுகுவர்த்தி வரை ஒட்டினேன். ஆனால் எங்கள் ஊர்க் காற்றில் எந்தப் பசையும் இரண்டு நாளைக்கு மேல் நிற்காது. ஈரமும் உப்புமாக வந்து சீட்டுகளை ஒவ்வொன்றாக உரித்துப் போடும். ஒரு நாள் ரசத்தில் 'கரண்டி' மிதந்தது. இன்னொரு நாள் அப்பா குளிர்சாதனப் பெட்டியில் சாய்ந்து காபி குடித்துவிட்டு அப்படியே வேலைக்குப் போய்விட்டார். சட்டை முதுகில் பெட்டியின் பெயர், 'டேர் க்யூல்ஷ்ராங்க்' என்ற சீட்டு. பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள்.

"மேஸ்திரி, முதுகுல இன்னா சீட்டு?"

"எம்பொண்ணு எனக்கு வச்ச பேருப்பா."

சாயங்காலம் வரை அதை எடுக்கவே இல்லையாம். வீட்டுக்கு வந்துதான் கழற்றிக் கையில் கொடுத்தார், நனைந்து எழுத்தெல்லாம் ஓடியிருந்தது.

எழுத்து எனக்கு வரும். பேச்சுதான் வரவில்லை. யாருடனாவது பேசிப் பழகச் சொன்னார் ஆசிரியை. மரக்காணத்தில் நான் யாருடன் ஜெர்மன் பேசுவேன்? அப்பாதான் யோசனை சொன்னார். "புதுச்சேரி போற வழியில குயிலாப்பாளையத்துல வெள்ளக்காரங்க வண்டியில போய்ட்டு வந்துட்டுதான் இருக்காங்க. யாரையாச்சும் நிறுத்திப் பேசேன்." நானும் பஸ் ஏறிப் போனேன். ஒரு ரொட்டிக்கடை வாசலில் நின்ற வெள்ளைக்காரப் பெண்ணிடம் மனப்பாடம் செய்திருந்த வணக்கத்தைச் சொன்னேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "எனக்கு ஜெர்மன் தெரியாதுங்க. நான் பொறந்து வளந்தது இங்கதான்" என்றாள். அவளுடைய தமிழ் என்னுடையதைவிடத் தெளிவாக இருந்தது. ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

ஐப்பசி மழை இறங்கிவிட்டால் உப்பளத்தில் வேலை கிடையாது. அப்பா நாள் முழுக்க வீட்டில். அப்போதுதான் அவருக்கு அந்த எண்ணம் வந்தது. எங்கள் வீட்டில் தினமும் ஏழு மணிக்கு ஜெபமாலை. உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும்: ஒருவர் ஒவ்வொரு ஜெபத்தின் முன்பாதியைச் சொல்லி நிறுத்துவார், மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து பின்பாதியைச் சொல்வார்கள். பத்துப் பத்து ஜெபமாக ஐந்து சுற்று; மூன்றாவது பத்தில் அப்பா தூங்கிவிடுவார். தூக்கத்திலும் பின்பாதி மட்டும் பிசகாமல் வரும்.

"இதே மாதிரி உன் ஜெர்மனயும் சொல்லேன். நீ பாதி சொல்லு, நாங்க பாதி சொல்றோம்" என்றார் ஒரு நாள், ஜெபம் முடிந்து எழுந்திருக்கும்போது.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "மாதா படத்துக்கு முன்னாடி இன்னா கூத்து இது?"

"ஏன், மாதாவுக்கு ஜெர்மன் தெரியாதா?"

அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மறுபடி உட்கார்ந்தாள். அன்றிலிருந்து ஜெபமாலை முடிந்ததும் எழுந்திருக்காமல் அப்படியே ஜெர்மன் நடந்தது. தேர்வில் தன்னைப் பற்றி ஏழெட்டு வாக்கியம் சொல்ல வேண்டும். நான் "இஷ் கோமே" என்பேன், நான் வருவது என்று அர்த்தம். "அவ்ஸ் இண்டியன்" என்பார்கள் அப்பாவும் அம்மாவும், இந்தியாவிலிருந்து. "இஷ் வோனே" என்பேன், நான் வசிப்பது. "இன் மரக்காணம்!" என்று அப்பா கோயிலில் இழுப்பது போல் இழுப்பார். அவர் மடியில் உட்கார்ந்திருந்த ஜோவிதாவும் தலையை ஆட்டி "காணம்!" என்பாள். அவள் பேசிய முதல் சொற்களில் அது ஒன்று. பக்கத்து வீட்டு பிலோமினா அக்கா ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "புது நவநாளா? எந்தப் புனிதருக்கு?" என்று கேட்டார். அந்த மழைக்காலத்தில் எங்கள் வீடு அப்படிச் சிரித்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் சென்னையில் தேர்வு. எழுத்தில் ஒரு குறையும் இல்லை. பேச்சுத் தேர்வுக்கு நான்கு பேரை ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைத்தார்கள். என் முறை வந்தது. "இஷ் கோமே" என்றேன். நிறுத்தினேன். எதிரில் இருந்த அம்மையார் தலையசைத்தார். நான் காத்திருந்தேன். அவரும் காத்திருந்தார். சரி, அடுத்ததற்குப் போகலாம் என்று "இஷ் வோனே" என்றேன். மறுபடியும் நின்றேன். பின்பாதி என் நாக்கில் இல்லை. அது அப்பாவிடம் இருந்தது. அதை நான் ஒருநாளும் என் வாயால் சொன்னதே இல்லை என்பது எனக்கு அந்த மேசையில்தான் தெரிந்தது. பக்கத்தில் இருந்த பையன் தன் கண்ணால் என் கையைக் காட்டினான். குனிந்து பார்த்தேன். இரண்டு கையும் கூப்பியிருந்தன.

பேச்சில் தேறவில்லை. வீட்டுக்கு வந்து அழுதுகொண்டே சொன்னபோது அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. "நான்தான் கெடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் மழையில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுபடி பயிற்சி. இந்த முறை நான் முழு வாக்கியமும் சொல்ல வேண்டும், மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். பழக்கம் விடுமா? நான் நிறுத்தினால் அவருக்கு உதடு துடிக்கும். துண்டின் நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொள்வார். ஜோவிதாவுக்குச் சட்டம் தெரியாது. நான் மூச்சு வாங்கினால் போதும், இடையில் புகுந்து பின்பாதியைக் கத்துவாள். அப்பா அவள் வாயைப் பொத்துவார். அவள் அந்தக் கையைக் கடிப்பாள். ஈஸ்டர் முடிந்து இரண்டாவது முறை எழுதித் தேறினேன். அப்பா உப்பளத்தில் எல்லோருக்கும் மிக்சர் வாங்கிக் கொடுத்தார்.

தேறிய அன்று கணவர் போனில் சொன்னார்: "இனிமே பாப்பாகிட்ட ஜெர்மன்லயே பேசு. இங்க பள்ளிக்கூடத்துல வந்து முழிக்கக் கூடாது. நான் பட்டது போதும்." அவர் பட்டதை நான் அறிவேன். முதல் ஆறு மாதம் அந்த இல்லத்துக் கிழவர்கள் கேட்பது புரியாமல் குளியலறையில் நின்று அழுதவர். அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. சொன்னதைச் செய்தேன்.

என்னிடம் இருந்தது முந்நூறு சொல். அதை வைத்துக்கொண்டு இரண்டு வயதுக் குழந்தையிடம் என்னதான் பேச முடியும்? கொஞ்சத் தெரியாது. திட்டவும் தெரியாது. காக்கா வடையைத் தூக்கிய கதையை அந்த மொழியில் என்னால் இரண்டு வரிக்கு மேல் சொல்ல முடியாது. தெரிந்ததெல்லாம் நான் யார், எங்கிருந்து வருகிறேன், என் பொழுதுபோக்கு என்ன என்பதுதான். என் மகளிடம் தினமும் என்னை நானே அறிமுகம் செய்துகொண்டேன். பாதி சொல்லி நிறுத்துவேன், மீதியை அவள் சொல்வாள். சோறு, தண்ணீர், செருப்பு எல்லாவற்றுக்கும் அதே முறைதான். ஒன்றுவிடாமல் பதில் சொல்வாள். என்ன சமர்த்து என்று பூரித்துப்போவேன். பிலோமினா அக்கா மட்டும் ஒருமுறை, "ஏம்மா, நீ புள்ள பெத்தியா, ரேடியோ பெத்தியா? திருகினாத்தான் பாடுது" என்றார். பொறாமை என்று நினைத்தேன். கடவுள் மன்னிக்கட்டும்.

அந்த ஆவணியில் அப்பா போய்விட்டார். உப்பளத்திலிருந்து வந்து, கால் கழுவி, சாப்பிட உட்கார்ந்தார். நெஞ்சு வலிக்கிறது என்றார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தெம்பு இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். அடக்கம் முடிந்து உறவினர்கள் எல்லாரும் போன பிறகு, அம்மா ஏழு மணிக்கு மெழுகுவர்த்தி ஏற்றி முன்பாதியைச் சொன்னாள். பதில் சொல்ல எனக்குக் குரல் எழும்பவில்லை. அடுத்த நாளும் அப்படித்தான். அதற்குப் பிறகு அம்மா உதட்டுக்குள்ளேயே சொல்லி முடித்துக்கொள்கிறாள். ஜோவிதா எங்களோடு சேர்ந்து சத்தமாகத் தமிழ் சொன்னது அந்த ஜெப நேரத்தில்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அங்கன்வாடி டீச்சர்தான் முதலில் சொன்னார். "ஒண்ணுக்கு வந்தாக்கூட சொல்ல மாட்டேங்குதுங்க. நானா 'பாத்ரூம்'னு ஆரம்பிச்சா 'போணும்'னு சொல்லுது. ஆரம்பிக்கலன்னா அப்படியே கவுன நனச்சிக்குது." அதற்கு முந்தைய வாரம் அவள் காலில் கருவேல முள் ஏறியிருந்தது. காலையிலிருந்து சாய்த்துச் சாய்த்து நடந்திருக்கிறாள். மத்தியானம் நான் பார்த்துவிட்டு "கால்ல" என்றேன். "வலிக்குது" என்றாள் உடனே, தெளிவாக, தமிழில். அரை நாள் அந்த வலியை வைத்துக்கொண்டு, யாராவது முன்பாதியைச் சொல்வார்கள் என்று அவள் காத்திருந்திருக்கிறாள். இதை நான் டாக்டரிடம் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

காது நன்றாக இருக்கிறது, புத்தியும் நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். பேச்சுப் பயிற்சி தருகிற ஒருவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். "உங்களுக்கு நல்லா வர்ற மொழியில பேசுங்கம்மா" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், குயிலாப்பாளையம் தாண்டுகையில் ஒரு தீர்மானம் செய்தேன். நான் எதையும் ஆரம்பிக்கப் போவதில்லை. அவள் ஆரம்பிக்கட்டும். ஜன்னலோரம் உட்கார வைத்தேன். முந்திரித் தோப்பு போனது, கழிமுகம் போனது. சாலையோரத்தில் ஓலை போட்டு மூடிய உப்புக் குவியல்கள் வரிசையாக வந்தன. அவள் விரல் கண்ணாடியைத் தொட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் உதட்டைத்தான் பார்த்தாள். "தாத்தா" என்று ஒரு சொல்லை நான் எடுத்துக் கொடுத்திருந்தால் மீதியைச் சொல்லியிருப்பாள். பல்லைக் கடித்துக்கொண்டேன். மரக்காணம் வரும்வரை இருவரும் பேசவில்லை.

வீட்டில் அம்மா கேட்டுவிட்டுச் சொன்னாள்: "ஏண்டி, அவளுக்குப் பேசத் தெரியாமயா இருக்குது? நீ எங்க அவள ஆரம்பிக்க வுட்ட?" கணவர் வேறு மாதிரி சொல்கிறார்: "விசா வந்தாச்சு, அடுத்த மாசம் டிக்கெட். இப்பப் போய் நிறுத்தாத. இங்க வந்தா தானா சரியாயிடும்." இருவர் சொல்வதும் எனக்குச் சரியாகவே படுகிறது. அதுதான் என் கஷ்டம்.

ஏழு மணிக்கு அந்த முன்னறையில் நாலு குரல் இருந்தது. இப்போது மெழுகுவர்த்தி மட்டும் எரிகிறது. அம்மாவின் உதடு அசைகிறது. நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். ஜோவிதா எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இரண்டு மொழிகளுக்கு நடுவில் பிள்ளை வளர்த்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். இப்படியே அவளை அழைத்துக்கொண்டு போகலாமா, அல்லது தமிழில் அவளாக ஒரு வார்த்தை ஆரம்பிக்கும்வரை டிக்கெட்டைத் தள்ளிப் போட வேண்டுமா என்று சொல்லுங்கள். அதோடு இதையும் சொல்லுங்கள். ஒரு குழந்தை தானாகப் பேச ஆரம்பிப்பதற்கு, பக்கத்தில் இருக்கும் அம்மா எவ்வளவு நேரம் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும்? நான் இதுவரை தாங்கியது குயிலாப்பாளையத்திலிருந்து மரக்காணம் வரைதான்.